தெரசா கூறு

தேர்தல் நாள் காலையில் எங்கள் ஈச்சமரத்துக் கொட்டாய்க்கு வருகிறவர்கள், ஊரை யாரோ துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். அரூருக்குப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டி இருக்கிற சின்ன ஊர். அன்றைக்குக் கதவுகளெல்லாம் சாத்தியிருக்கும். ஓட்டுள்ளவர்கள் அத்தனை பேரும் ஏரிக்கு அக்கரையில் உள்ள பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்பார்கள். ஒரு வீட்டு வாசலில் மட்டும் சத்தம் இருக்கும். அது தெரசாக்கா வீடு. வாசல் புளியமரத்தில் இரண்டு மூன்று சேலைத் தூளிகள் ஆடும். நடக்கப் பழகிய பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்து மண்ணைத் தின்றுகொண்டிருக்கும். தெரசாக்கா ஒரு தூளியைக் கையாலும் இன்னொன்றைக் காலாலும் ஆட்டிக்கொண்டு அக்கரையைப் பார்த்திருப்பார். ஏரியில் தண்ணீர் இருக்கிற வருஷங்களில் அந்த வரிசை தண்ணீருக்குள்ளும் தெரியும், தலைகீழாக, லேசாக அசைந்துகொண்டு.

அவர் ஏன் ஓட்டுப் போட வருவதில்லை என்று யாரும் கேட்டதில்லை. எங்களுக்கெல்லாம் பதில் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் ஓட்டு அம்மா வீட்டில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். கல்யாணமாகி வந்த பெண்கள் பல வருஷத்துக்கு ஓட்டை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். தேர்தலைச் சாக்கு வைத்துப் பிறந்த வீட்டுக்குப் போகலாம் அல்லவா. என் மனைவி சசிகலா ஒவ்வொரு தேர்தலுக்கும் பாப்பாரப்பட்டிக்குப் போய், ஒரு ஓட்டைப் போட்டுவிட்டு நாலு நாள் தூங்கிவிட்டு வருவாள். தெரசாக்கா பாண்டிச்சேரியிலிருந்து வாழ வந்தவர். எப்போதாவது 'ஓட்டுப் போடப் போறேன்' என்று சொல்லிவிட்டுப் பாண்டிக்குப் போகத் திருவண்ணாமலை பஸ் ஏறுவார். இங்கே தேர்தல் நடக்கும்போது வீட்டிலேயே இருக்கிற மனுஷி, இங்கே ஒன்றும் நடக்காத வருஷத்தில் எந்தத் தேர்தலுக்குப் போகிறார் என்று ஒருத்தராவது யோசித்திருக்கலாம். அடுத்த வீட்டுக் குழம்பில் உப்புக் கம்மி என்று தெரிந்து வைத்திருக்கிற ஊருக்கு இது மட்டும் தெரியவில்லை.

அவருடைய அப்பா அந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது அங்கே இருந்தவர்களிடம், எந்த நாட்டு ஆளாக இருக்க விருப்பம் என்று கேட்டார்களாம். அந்துவான் பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தெரசாக்காவுக்கு அப்போது நாலு வயது. நாலு வயதுக்காரியை யார் கேட்கப் போகிறார்கள்? அப்பா மடியில் உட்கார்ந்து மிட்டாய் தின்றுகொண்டிருந்தபோதே அவர் பிரெஞ்சுக்காரியாகிவிட்டார்.

அதற்கு இருபது வருஷம் போலக் கழித்து, எங்கள் ஊர் சவுரியப்பன் அண்ணன் லாரியில் புளி ஏற்றிக்கொண்டு பாண்டிக்குப் போனார். மண்டி இருந்த தெருவில்தான் அந்துவான் வீடு. புளி இறக்கப் போனவர் பொண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். மறு மாதம் புளியே இல்லாமல் லாரியை எடுத்துக்கொண்டு போனதாகப் பேச்சு. கல்யாணம் பேசும்போது, 'எங்க ஊரு ஏரிக்கரை மேலயே இருக்குதுங்க, கடல் மாதிரிதான்' என்று சொல்லி வைத்திருக்கிறார். தெரசாக்கா வந்து இறங்கிய வருஷம் ஏரி காய்ந்து, பையன்கள் அதற்குள் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருஷமாக அதைச் சொல்லிச் சிரிப்பார். பிள்ளை இல்லை. சவுரியப்பன் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். அரை ஏக்கர் மரவள்ளி, இரண்டு மாடு, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம். இதுதான் தெரசாக்கா.

எங்கள் மாரியம்மன் பூசையில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்ப் பொது ஆட்டை வெட்டி, எத்தனை குடும்பமோ அத்தனை பங்காகப் பிரித்துத் தேக்கிலையில் வைப்பார்கள். அதற்குப் பெயர் கூறு. ஊர்க்கவுண்டர் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் சத்தமாகக் கூப்பிடுவார். பெயர் கூப்பிட்டால் நீ ஊரான். கூப்பிடாவிட்டால் விருந்தாளி. பெங்களூரில் வீடு வாங்கிக் குடியேறிய என் சித்தப்பா மகனுக்கு இங்கே ஓட்டு இருக்கிறது, கூறு இல்லை. தெரசாக்காவைக் 'கிறிஸ்தவங்க, வேண்டாம்' என்று யாரும் விட்டதில்லை. அவரும் கூறு வாங்காமல் விட்டதில்லை. வாங்கி நெற்றியில் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு மிளகு அரைக்கப் போய்விடுவார். சவுரியப்பன் அண்ணன் செத்த வருஷம், 'சவுரியப்பன் கூறு' என்று கூப்பிட வந்த ஊர்க்கவுண்டர் பெரியண்ணன் வாயைத் திறந்து ஒரு நொடி நின்றார். பிறகு 'தெரசா கூறு' என்றார். தனியாக இருக்கிற பொம்பளைக்கு அவர் பெயரிலேயே கூறு போட்டது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை.

2019இல் ஆடியில் நடக்க வேண்டிய பூசை, ஊரில் ஒரு சாவு விழுந்ததால் கார்த்திகைக்குத் தள்ளிப் போனது. அதே சமயம் உள்ளாட்சித் தேர்தலும் வந்துவிட்டது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. கூறு போட்டுக்கொண்டிருக்கும்போதே பெரியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"இந்தத் தடவ போட்டியே வேணாம். ஊரே சேந்து ஒருத்தர நிறுத்திருவோம். நம்ம தெரசா நிக்கட்டும். என்ன சொல்றீங்க?"

யாருக்கும் மறுப்பில்லை. எப்படி இருக்கும்? ஊரில் பாதிப்பேர் அவர் போட்ட தூளியில் தூங்கியவர்கள். பெரியண்ணனின் மருமகள் சுகுணா சாமி மேலிருந்த மாலையில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தெரசாக்கா கையிலிருந்த இலையைக் கீழே வைத்தார்.

"எனக்கு இங்க ஓட்டு இல்லீங்களே" என்றார்.

"தெரியும்மா. அத பாண்டியில இருந்து மாத்திக்கிட்டா ஆச்சு. நம்ம நவநீதன் பாத்துக்குவான்." பெரியண்ணன் என்னைக் கை காட்டினார். அரூரில் செல்போன் கடை வைத்திருப்பதால் அரசாங்கத்தையே நான்தான் நடத்துகிறேன் என்று ஊரில் ஒரு நினைப்பு.

"பாண்டியிலயும் இல்லீங்க. பிரான்ஸ்ல இருக்குது. நான் அந்த நாட்டுக்குத்தாங்க ஓட்டுப் போட்டுட்டு வர்றேன். அவங்க பாண்டியில பொட்டி வெப்பாங்க. நான் இந்தியாக்காரியே இல்லீங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெரியண்ணன் தேக்கிலைகளையும் தெரசாக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கூறு இருக்குதே" என்றார். "கூறு இருக்கறப்ப ஓட்டு எப்பிடி இல்லாம போவும்?"

கடைசியில் வார்டுக்குச் சுகுணா நின்றாள். மாலையையும் அவளே போட்டுக்கொண்டாள்.

என்னால் அதை அப்படியே விட முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கடைக்குப் பக்கத்தில் அருள்குமார் என்று ஒரு வக்கீல் இருக்கிறார். அவரிடம் போய்ச் சண்டை போடுகிற மாதிரிக் கேட்டேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு விசயம் இருக்குதுங்க நவநீதன். நேஷனாலிட்டின்னு ஒண்ணு. வெளிய போனா எந்த நாடு உங்களத் தன் ஆளுன்னு சொல்லிக்குதோ, அது. சிட்டிசன்ஷிப்னு ஒண்ணு. உள்ள இருக்கறப்ப அந்த நாட்ல உங்களுக்கு என்ன வாய் இருக்குது, அது. பெரும்பாலும் ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும், அதனால யாரும் பிரிச்சுப் பாக்கறதில்ல. உங்க கைக்குழந்த இந்த நாட்டு ஆளுதான். ஆனா ஓட்டு இல்ல பாருங்க."

"அக்காவுக்கு?"

"அவங்களுக்கு ரெண்டுமே பிரான்ஸ். இங்க ஆயுசுக்கும் இருக்கலாம்னு கார்டு இருக்குது, அவ்ளோதான். வேணும்னா இந்தியாவுக்கு மாறிக்கலாம். அத விட்டாத்தான் இது கெடைக்கும். ரெண்டையும் வெச்சுக்க நம்ம சட்டத்துல எடமில்லீங்க."

இதைப் போய்ச் சொன்னபோது தெரசாக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மாடு குடித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"எங்கப்பா சாவும்போது ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு" என்றார் பிறகு. "'உனக்கு வூடு வாசல் வெக்கல. ஒரு நாட்ட வெச்சுட்டுப் போறேன், அத விட்றாத'ன்னாரு."

"அப்ப விட வேணாங்க்கா. இங்க யாரு உங்கள என்ன சொல்லிட்டாங்க? கூறு கூப்புட்றாங்கல்ல?"

தெரசாக்கா என்னைப் பார்த்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"கூறு நீங்க மனசு வெச்சுக் குடுக்கறது நவநீதா. நாளைக்கு மனசு மாறுனா நான் போய்க் கேக்க முடியாது. ஓட்டு அப்பிடி இல்ல. என்னையப் புடிக்காதவன்கூட எனக்கு அதக் குடுத்துத்தான் ஆவணும்."

ஊரே அவர் மேல் பிரியமாக இருக்கிறது. அந்தப் பிரியத்திலேயே நாற்பது வருஷம் உட்கார்ந்திருப்பது எவ்வளவு களைப்பான காரியம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தியாவுக்கு மாறிக்கொள்கிறேன் என்று விண்ணப்பம் கொடுத்தார். நடுவில் கொரோனா வந்து எல்லாம் நின்று, மறுபடி நகர்ந்தது.

அது முடிவதற்குள் 2022 சித்திரையில் பிரான்ஸில் அதிபர் தேர்தல் வந்தது. 'இதுதான் கடைசி' என்றார். அவருக்குக் கால் சுளுக்கியிருந்ததால் நானும் கூடப் போனேன். விடிகிற நேரத்தில் அரூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். ஜன்னலோரம் அவர். தீர்த்தமலை இருட்டிலிருந்து மெல்லப் பிரிந்து வந்தது. வயல்களின் மேல் மெல்லிசாகப் புகை மாதிரி ஏதோ நின்றது. தெரசாக்கா தூங்கவும் இல்லை, முழித்திருக்கவும் இல்லை. அந்த நிலையிலேயே பேசிக்கொண்டு வந்தார்.

அவருக்கு ஒரு கனவு அடிக்கடி வருமாம். பிரான்ஸ் கனவு. ஆனால் அவர் பிரான்ஸைப் பார்த்ததில்லை என்பதால், கனவில் எங்கள் ஏரிக்கரைதான் வரும். அதன் மேல் பனி கொட்டும். புளியமரம் முழுக்க வெள்ளை. அவர் அப்பா நீளக் கோட்டுப் போட்டுக்கொண்டு கரைமேல் நடந்து வருவார். பின்னாலேயே கோட்டுப் போட்ட ஜனங்கள் வரிசையாக வருவார்கள். எல்லாரும் தமிழில்தான் பேசுவார்கள். 'குளிருது, சீக்கிரம் கதவத் தொற' என்பார்கள். தெரசாக்கா கதவைத் திறந்தால் உள்ளே தூளிகள் ஆடிக்கொண்டிருக்கும், குழந்தைகள் இருக்காது.

"பயமா இருக்குங்களா அந்தக் கனவு?"

"இல்ல. நல்லா இருக்கும். முழிச்சப்புறந்தான் ஒரு மாதிரி இருக்கும்."

பாண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே போகிறவர்களில் பாதிப்பேர் வேட்டியும் சேலையும்தான். போய்விட்டு வந்த தெரசாக்காவின் விரலில் மை இல்லை. அந்த நாட்டு வழக்கத்தில் மை வைப்பதில்லையாம். போட்டதற்கு அடையாளமே இல்லாத ஒரு ஓட்டை, பார்க்காத நாட்டுக்கு, இத்தனை வருஷமாக பஸ் ஏறி வந்து போட்டிருக்கிறார். பிறகு கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். வெயில் கடல்மேல் விழுந்து, எதைப் பார்த்தாலும் கண் கூசியது. அவர் கடலைப் பார்த்து, "போதும்ப்பா" என்றார். என்னிடம் சொல்லவில்லை என்பது தெரிந்ததால் நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் அழுதார். திரும்பும்போது ஊர்ப் பிள்ளைகளுக்கென்று நீள நீளமாக ரொட்டி வாங்கினார். பஸ்ஸில் அந்த ரொட்டிக்கும் சேர்த்து ஒரு சீட்டு வேண்டியிருந்தது.

மறு வருஷம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தியச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. சட்டம் அந்த இடைவெளிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறதோ எனக்குத் தெரியாது. தெரசாக்கா மனதில் அவர் அந்த மாதங்களில் எந்த நாட்டுக்காரியும் இல்லை. மழைக்காலம் அது. ஏரி நிரம்பி அலையடித்தது. அவர் சாயங்காலங்களில் கரைமேல் நடந்துகொண்டே இருப்பார். யாராவது கூப்பிட்டால் கொஞ்சம் தாமதமாகத் திரும்பிப் பார்ப்பார்.

"லேசா இருக்குது நவநீதா. காத்துல நிக்கற மாதிரி" என்றார் ஒரு நாள். "இப்ப நான் செத்தா யாரு கணக்குல சேரும்?"

"சும்மா இருங்கக்கா" என்று கத்திவிட்டேன். கத்தியது பயத்தில்தான். அவர் போனால் அந்த வீட்டு வாசல் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

அந்த வருஷம் பூசையும் அதற்குள் வந்தது. தேக்கிலைகள் வரிசையாக இருந்தன. தூறல் விழுந்துகொண்டிருந்தது. பெரியண்ணனுக்குக் குரல் முன்போல இல்லை. ஆனாலும் 'தெரசா கூறு' என்று அவர் கூப்பிட்டது ஏரிக்கரைவரை கேட்டது. தெரசாக்கா இலையை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். உலகத்தில் எந்தக் காகிதமும் அவரைத் தன் ஆள் என்று சொல்லாத நாளில் அந்த ஒரு குரல் சொன்னது. அவர் ஓட்டைப் பற்றிச் சொன்னது சரிதான். கூறும் சும்மா இல்லை. அன்றைக்கு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ளக்கூட அவருக்குக் கை வரவில்லை.

தை பிறப்பதற்கு முன்பே சான்றிதழ் வந்தது. தர்மபுரி கலெக்டர் ஆபீசில் உறுதிமொழி சொன்னார். 'எப்படிக்கா இருந்துச்சு?' என்று சசிகலா கேட்டதற்கு, 'கல்யாணத்துல மோதிரம் மாத்துன மாதிரி இருந்துச்சு, மாப்ள மட்டும் இல்ல' என்றார்.

2024 ஏப்ரலில் பாராளுமன்றத் தேர்தல். ஊர் ஒரு விஷயத்தைச் சுத்தமாக மறந்துவிட்டது. தெரசாக்காவும் ஓட்டுப் போட வந்துவிட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது? காலையில் சுகுணா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவள், புளியமரத்தில் தூளி இல்லாததைப் பார்த்து முழித்தாள். அவளுக்குப் பின்னால் சசிகலாவும் முழித்தாள். சசிகலா அந்த வருஷம்தான் ஓட்டை இங்கே மாற்றியிருந்தாள். தெரசாக்கா தலை வாரி, கல்யாணத்தன்று உடுத்திய காப்பிக்கலர்ப் பட்டுச்சேலையை உடுத்திக்கொண்டு வாசலில் நின்றார். கடைசியில் எல்லாரும் பிள்ளைகளோடேயே ஏரிக்கரைமேல் கிளம்பினோம். ஓட்டுப் போடப் போகிறவர்கள் மாதிரி இல்லை, காதுகுத்துக்குப் போகிற கூட்டம் மாதிரி இருந்தது.

வரிசை நீளம். வெயில் ஏறிவிட்டது. பெரியண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் நின்றார். தெரசாக்காவைப் பார்த்ததும் ஒதுங்கினார்.

"நீ மொதல்ல போம்மா. நாங்க எத்தன தடவ போட்ருக்கோம்."

முன்னால் நின்ற அத்தனை பேரும் வழி விட்டார்கள். தெரசாக்கா அசையவில்லை.

"வேணாங்க. நான் வரிசையில நிக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசிக்குப் போய் நின்றார்.

நான் அவருக்கு முன்னால் நின்றேன். வரிசை நகர நகர, பிள்ளைகள் ஒவ்வொன்றாக அம்மாக்களை விட்டுவிட்டு அவரிடம் வந்து சேர்ந்தன. தேர்தல் என்றால் தெரசாக்கா என்று அவற்றுக்குப் பழக்கம். ஒன்று இடுப்பில், ஒன்று முந்தானையில். அவர் அக்கரையைப் பார்த்தார். இத்தனை வருஷமும் அங்கேயிருந்து இங்கே பார்த்தவர். அங்கே அவர் வீடு தெரிந்தது. புளியமரம், மூடிய கதவு, ஆளில்லாத வாசல். ஏரியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. அதற்குள் இந்த வரிசையும் இருந்தது. "நான் தெரியறனா பாரு" என்றார் என்னிடம். பார்த்தேன். காப்பிக்கலர் அலையில் அசைந்தது.

இடுப்புக் குழந்தையோடேயே உள்ளே போனார். மை வைக்கும்போது குழந்தை அந்த விரலைப் பிடித்து இழுத்திருக்கிறது. வெளியே வந்தபோது அவர் விரலிலும் குழந்தையின் உள்ளங்கையிலும் மை இருந்தது. எங்கள் ஊரில் ஓட்டு ஒன்றும் ரகசியமில்லை. போட்டுவிட்டு வருகிறவர்கள் வாசலிலேயே யாருக்கு என்று சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டாலும் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவோம். எல்லாரும் தெரசாக்காவைச் சுற்றி நின்றோம்.

"யாருக்கும்மா போட்ட?" என்று பெரியண்ணன் கேட்டார்.

தெரசாக்கா குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். பிரான்ஸ் விஷயமும் தெரிந்துவிட்ட பிறகு, எங்களுக்குத் தெரியாதது என்று அவரிடம் எதுவும் மிச்சமில்லை. எந்த வீட்டு மோரில் எவ்வளவு தண்ணீர் என்பதிலிருந்து, எந்தக் கனவில் யார் வருகிறார் என்பதுவரை எல்லாவற்றையும் எங்களோடு பங்கு போட்டுக்கொண்டவர்.

"அதச் சொல்ல மாட்டேங்க" என்றார்.

சொல்லிவிட்டுக் கரைமேல் தனியாக நடந்து வீட்டுக்குப் போனார். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். இன்றுவரை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம்.